விற்க வந்த விருந்தினர்

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நாலைந்து பழைய மோட்டார்க் கார்கள் ஒரு வேப்பமர நிழலில் நிற்க, அவற்றின் உடையவர்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவற்றின் கீழே படுத்துக் கிடக்கும் காட்சியைக் கொக்குவிற் பகுதியில் வாழும் எமது பழைய மாணவர் சிலர் கண்டிருத்தல் கூடும். அக்கூட்டத்தில் நாமும் ஒருவர். எமக்குப் பெயர்ப்பலகை இல்லை; யாப்பு இல்லை; சந்தாவும் இல்லை. ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் முதலிய கார்களைத் தந்தையாரிடமிருந்தோ மாமனாரிடமிருந்தோ பெற்று, அவற்றை ஓடும் நிலையில் வைத்திருப்பதொன்றே எம்மை ஒன்றுசேர்த்தது. ஒருவர் கார்பரேற்றரைக் கழற்றுவார். மற்றவர் அதற்குரிய திருகாணியைத் தமது பழைய தகரப்பேணியிலிருந்து தேடி எடுப்பார். வீட்டுக்கார அம்மையார் தேநீர் அனுப்புவார். இவ்வளவே எமது நடவடிக்கைகள்.

சில ஆண்டுகளாக இக்கூட்டத்துக்குப் புதியவர் பலர் வரத் தொடங்கினர். வரவு மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் அவருட் சிலர் முதல் ஞாயிறு பெயர் சொல்லினர். இரண்டாம் ஞாயிறு விலை சொல்லினர். மூன்றாம் ஞாயிறு வந்திலர். கார் விற்றுவிட்டது; அதனோடு அவருக்குக் கார்மீதிருந்த காதலும் முடிந்தது. இத்தகையோரைக் குறைகூறுதல் எளிது. அவர் ஏன் எம்மை நாடி வருகின்றார், வந்து எதனைக் கொண்டு செல்கின்றார் என்பதை ஆராய்வது கடினம். அதனையே இக்கட்டுரையிற் செய்ய எண்ணினோம். பழைய மாணவர் சங்கங்களும் இத்தகையோரை அறியாதன அல்ல. மகனை முதலாம் வகுப்பிற் சேர்க்கவேண்டிய ஆண்டில், கல்லூரியன்னையின்பாற் பற்றுத் திடீரெனப் பெருகி அங்கத்துவம் கேட்டு வருவோரை எந்தச் செயலாளரும் விரல்விட்டுக் காட்டுவார். இம்மலரைப் படிப்போருள் அன்னார் எவரும் இரார் என நம்பி மேலே செல்கின்றோம்.

இலங்கையிலே பழைய ஆங்கிலக் கார்கள் இத்துணை எஞ்சியிருப்பதற்கு அவற்றின்மீது கொண்ட அன்பு மாத்திரம் காரணமன்று. வேறு வழியின்மையும் பெருங்காரணமாகும். மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டில் இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதல் வைக்கப்பட்டது. அதனை வரைந்த அலெக் இசிகோனிஸ் என்பாரே பின்னர் 1959இல் வெளிவந்த மினியையும் வரைந்தவர். ஒஸ்ரின் ஏ-40 வகையில் எம்மவர் 'சோமசெற்' என்று அருமையோடு அழைக்கும் கார் 1952இல் வெளிவந்தது. இவை இங்கு வந்து சேர்ந்த சில ஆண்டுகளில், அதாவது 1960களின் தொடக்கத்தில், அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. கையில் இருந்ததைக் காப்பதன்றி வேறு கதியில்லை. 1977இன் பின்னர் பொருளாதாரம் திறக்கப்படவே, தென்னிலங்கையில் யப்பானியக் கார்கள் பெருகின. யாழ்ப்பாணத்திலோ 1983இன் பின்னர் போர் பெருகி, 1990 முதற்கொண்டு எரிபொருளும் உதிரிப்பாகமும் தடைப்பொருள்களாயின. வாடகைக் காராய் ஓடிய சோமசெற் தொடர்ந்தும் ஓடவேண்டியதாயிற்று.

அது எவ்வாறு ஓடியது என்பதை இளைய தலைமுறையினர் அறிந்திரார். சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் கார்பரேற்றரில் விட்டு இயந்திரத்தை முடுக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். புகை சூழ, மண்ணெண்ணெய் மணம் தெருவெங்கும் பரவக் கார் செல்லும். முற்றும் எரியாத மண்ணெண்ணெய் உருளைகளின் சுவரில் உள்ள எண்ணெய்ப் பூச்சைக் கழுவிக்கொண்டு கீழிறங்கி, எண்ணெய்த் தொட்டியிற் சேர்ந்து, மசகெண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். ஆதலின் அக்காலத்தில் ஓடிய ஒவ்வோர் இயந்திரமும் உள்ளே தேய்ந்தே இருக்கும். எத்தனை முறை உருளை கடையப்பட்டது, எந்தப் பட்டறையில் யார் கடைந்தார் என்பதே அக்காரின் மெய்யான வரலாறு. பதிவுப் புத்தகத்தில் அவ்வரலாறு இல்லை. அது ஆட்களின் நினைவில் மட்டும் உள்ளது; 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வோடு அந்த ஆட்களும் பல திசைகளிற் போயினர்.

2009இல் போர் முடிந்து கண்டி வீதி திறந்தபின், தெற்கிலிருந்து பழைய கார்களில் விருப்புள்ளோரும் அவரைத் தொடர்ந்து வணிகரும் வடக்கே வந்தனர். கோழிக்கூடாய்க் கிடந்த கார்களுக்கும் கேள்வி எழுந்தது. பின்னர் 2020 மார்ச்சு மாதத்தில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்கள் மீண்டும் வரத் தொடங்கியது 2025இலேயாம். இடைப்பட்ட ஐந்தாண்டுக்குள், நான்கு சில்லும் உருளும் எதற்கும் விலை ஏறியது. இலக்கத்தகடும் விலைப்பொருளாயிற்று. 1957இல் சிங்களச் 'சிறீ' எழுத்து இலக்கத்தகட்டில் வந்தபோது நாட்டில் எழுந்த கிளர்ச்சியை மூத்தோர் மறந்திரார். அதற்கு முன்னர் ஈ.என்., ஈ.எல். என்றிவ்வாறு ஆங்கில எழுத்துக்களோடு பதிவான கார் இன்று அவ்வெழுத்துக்காகவே தேடப்படுகின்றது. பழையது என்பதனால் ஒதுக்கப்பட்டது, பழையது என்பதனாலேயே பணமாயிற்று. எமது வேப்பமரத்தடிக்குப் புதியவர் வரத் தொடங்கியதும் இக்காலத்திற்றான்.

விற்க விரும்புவோர் சந்தைக்குச் செல்லாது எம்மிடம் வருவானேன்? இதற்கு விடையைப் பொருளியல் நூலோர் முன்னரே சொல்லி வைத்தனர். 1970ஆம் ஆண்டில் ஜோர்ஜ் அக்கலொவ் என்னும் அமெரிக்க அறிஞர் ஒரு சிறு கட்டுரை எழுதினார். அமெரிக்கர் வழக்கில் குற்றமுள்ள காரை 'லெமன்', அதாவது எலுமிச்சை, என்பர். எலுமிச்சைகளின் சந்தை எத்தகையது என்பதே அவர் கட்டுரைப் பொருள். மூன்று சஞ்சிகைகள் அதனை மறுத்தன, நாலாவது வெளியிட்டது. 2001இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தபோது, அக்கட்டுரையே அதற்கு முதற்காரணமாயிற்று.

அவர் கூறியதை எமது கணக்கிற் சொல்லுவோம். பத்து மொறிஸ் மைனர் விற்பனைக்கு உள்ளன; ஐந்து நல்லன, ஐந்து தீயன. நல்லதன் பெறுமதி பத்து இலட்சம், தீயதன் பெறுமதி நான்கு இலட்சம் என வைத்துக்கொள்வோம். விற்பவனுக்குத் தன் கார் எவ்வகையது என்று தெரியும். வாங்குபவனுக்குத் தெரியாது, ஏனெனில் புதுப் பூச்சின் கீழ் எல்லாம் ஒன்றுபோலவே பளபளக்கும். ஆகவே அவன் நடுவெடுத்து ஏழு இலட்சத்துக்குக் கேட்பான். பத்துப் பெறும் காரை ஏழுக்குக் கொடுக்க எவர் இசைவர்? நல்ல காருக்குடையவர் ஒவ்வொருவராய்ச் சந்தையை விட்டு விலகுவர். எஞ்சுவன தீயனவே என்பதை வாங்குவோர் உணர்ந்ததும் ஏழு நான்காகும். ஈற்றில் நல்ல காரும் உண்டு, அதற்குப் பத்துக் கொடுக்க ஆளும் உண்டு, ஆயினும் வாணிபம் மாத்திரம் நடவாது. பொய் சொல்பவன் வாங்குவோனை மட்டும் வஞ்சிக்கவில்லை. உண்மை சொல்லும் விற்பனையாளனின் வாயையும் அடைத்துவிடுகின்றான்.

இந்நோய்க்கு மருந்து, விற்போனல்லாத ஒருவர் காரை அறிந்து சொல்லும் சொல். கம்பனிகள் எழுதிக் கொடுக்கும் உத்தரவாதம் புதிய காருக்கு அம்மருந்து. எழுபது வயதான காருக்கு எவர் உத்தரவாதம் எழுதுவார்? எம்போன்ற கூட்டத்தார் சொல்லும் சொல்லே அங்கு உத்தரவாதம். "இன்ன வேப்பமரத்தடிக் காரா? அப்படியானால் பார்க்கத் தேவையில்லை" என்று யாரோ ஒருவர் கொழும்பிலிருந்து கூறுவாராயின், அவ்வொரு வாக்கியத்துக்கு இரண்டு மூன்று இலட்சம் பெறுமதி உண்டு. அவ்வாக்கியத்தை ஆக்குதற்கு இருபது ஆண்டு ஞாயிறுகள் சென்றன. விற்க வந்த விருந்தினர் இரண்டு ஞாயிற்றில் அதனைப் பெற்றுச் செல்கின்றார்.

இது எமக்கு மட்டும் நேர்ந்ததன்று. பழங்காரைப் போற்றும் வழக்கம் முதலில் உருப்பெற்ற இங்கிலாந்திலும் இதுவே நிகழ்ந்தது. 1896 நவம்பர் மாதத்தில் மோட்டார் வண்டிகளின்மீதிருந்த கடுமையான சட்டம் தளர்த்தப்பட்டபோது, அதனைக் கொண்டாட இலண்டனிலிருந்து பிறைற்றன் வரை வண்டிகள் ஓடின. 1927இல் அவ்வோட்டம் நினைவாக மீள நடத்தப்பட்டது. 1930இல் அதன் வழியாகவே முதுகார்க் கழகம் பிறந்தது. 1904 முடிவதற்கு முன் செய்யப்பட்ட வண்டிகளே ஓடலாம் என்பது விதி. விதி உண்டானதும் வயதுக்கு விலை உண்டாயிற்று. 1905இல் பிறந்த வண்டியை 1904இற் பிறந்ததாகக் கூறுவோர் தோன்றவே, கழகம் வண்டிகளின் வயதை ஆராய்ந்து சான்றிதழ் வழங்குதற்கென ஒரு குழுவினை வைக்கவேண்டியதாயிற்று. 1953இல் 'ஜெனிவீவ்' என்னும் திரைப்படம் அவ்வோட்டத்தையும் 1904ஆம் ஆண்டு டறாக் காரொன்றையும் உலகறியச் செய்தது. பழங்காரை விரும்புவோர் பெருகினர், விற்போரும் பெருகினர். இன்று அவ்வோட்டத்தை அடுத்துப் பெரிய ஏலமும் நடைபெறுகின்றது. ஆயினும் கழகம் அழிந்துபடவில்லை. சான்றிதழ் கொடுப்பதைக் கழகம் தன் பொறுப்பிலேயே வைத்துக்கொண்டமையால் அதன் சொல்லுக்கு இன்னும் மதிப்புண்டு. எமக்கு அந்த அறிவு காலம் தாழ்த்தியே வந்தது. வந்த விதத்தையும் சொல்லியாக வேண்டும்.

மூன்றாண்டின் முன்னர் ஒருவர் நீல நிற மொறிஸ் மைனரில் வந்தார். இனிய சுபாவம். கார் அவருடைய பெரிய தந்தையாருடையது என்றார். கோயில் வீதியில் அதில் ஏறிச் சென்ற சிறுவயது நினைவுகளைச் சொன்னார். இரண்டு கிழமை எம்மோடு நின்று கையில் எண்ணெய் பூசிக்கொண்டார். நாமும் காரைச் சுற்றி வந்து, கதவு மூடும் ஓசையைக் கேட்டு, இயந்திரத்தை முடுக்கிப் பார்த்து, "நல்ல கார்" என்றோம். எமது கூட்டத்துக்கு அப்போதுதான் வரத் தொடங்கியிருந்த இளம் ஆசிரியர் ஒருவர் அதனைக் கேட்டுக்கொண்டு நின்றார். அவர் வங்கியிற் கடன் எடுத்து அதனை வாங்கினார். வாங்குமுன் அவர் எம்மிடம் கேட்டது ஒரே கேள்வி: "ஐயா, வாங்கலாமோ?" நாம் ஆம் என்றோம்.

மொறிஸ் மைனரை அறிந்தோர் அதனைப் பார்க்கும் முறையே வேறு. சோமசெற்றுக்குத் தனியான இரும்புச் சட்டம் அடியில் உண்டு. மேலுடல் துருவேறினாலும் வண்டி நிற்கும். மைனருக்கு அவ்வாறில்லை. அதன் உடலே சட்டம். கதவின் கீழுள்ள பெட்டியும் முன்னே நீளும் கால்களும் பின் வில்லைத் தாங்கும் இடமும் அரித்துப்போயின் அது வெறும் தகரக்கூடு. அரித்த இடத்தில் தகரத்தை ஒட்டிப் பட்டி பூசிக் கறுப்பு மை அடித்துவிட்டால் குனிந்து பார்ப்பவனுக்கும் தெரியாது. திருகாணி முடுக்கியால் அழுத்திக் குத்திப் பார்க்கவேண்டும். இன்னும், முன் சில்லைத் தாங்கும் நிமிர்ந்த தண்டின் அடியில் 'ட்றனியன்' என்று ஒரு உறுப்பு உண்டு. தண்டும் அதுவும் புரியினாற் பிணைந்தவை. அப்புரிக்கு இடைவிடாது கிறீஸ் ஊட்டவேண்டும். ஊட்டாதொழியின் புரி தேய்ந்து, ஒருநாள் தண்டு கழன்று, சில்லு உள்ளே மடிந்து, காரின் முகம் தெருவிற் படியும். இவையெல்லாம் எமக்குத் தெரியும். இருபது ஆண்டாகப் பிறருக்குச் சொல்லி வந்தவையே. அந்நீலக் காரை நாம் ஜக் வைத்து உயர்த்தவில்லை. விருந்தினர் காரைக் குத்திப் பார்ப்பது மரியாதையன்று என்று கருதினோம்.

நான்காம் மாதத்தில் நாவற்குழிப் பாலத்துக்கு அணித்தாக அக்காரின் வலப்பக்க முன் சில்லு மடிந்தது. வேகம் குறைவு, ஆசிரியரும் அவர் மனைவியும் காயமின்றி இறங்கினர். எதிரே பஸ் வந்திருப்பின் இக்கட்டுரையை எழுதும் மனநிலை எமக்கு இருந்திராது. பட்டறையில் ஏற்றிப் பார்த்தபோது முன் கால்கள் இரண்டும் பட்டியினால் ஆனவை என்பது தெரிந்தது. பதிவுப் புத்தகத்தைப் பார்த்தபோது பெரிய தந்தையார் பெயரும் அங்கில்லை. பெயர் மாற்றாமலே கையெழுத்திட்ட தாளோடு கார்கள் கைமாறும் வழக்கம் நாட்டிற் பல காலம் இருந்ததன்றோ. அக்காரும் அவ்வாறு எத்தனை கை மாறி வந்ததோ. விற்றவரின் தொலைபேசி ஓய்ந்தது.

ஆசிரியர் எம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் ஞாயிறுகளில் வருவதை நிறுத்திவிட்டார். எமது கூட்டத்தில் நாற்பது வயதுக்குக் குறைந்தவர் அவர் ஒருவரே. எம்மிடமுள்ள அறிவை எம்மின் பின் கொண்டு செல்லக்கூடியவரும் அவரே. விருந்தினர் எடுத்துச் சென்ற இலட்சங்களைக் காட்டிலும் இந்த இழப்பே எமக்குப் பெரிதாய்ப்பட்டது.

இதன்பின் கூட்டத்திற் பெரிய வாதம் நிகழ்ந்தது. இனி எவரும் இங்கே விலை பேசலாகாது, புதியவர் எவரையும் சேர்க்கலாகாது என்றனர் சிலர். எமக்கு அது ஒவ்வவில்லை. எமது சோமசெற்றை எமது தந்தையார் 1962இல் வேறொருவரிடம் வாங்கினார். அவரும் விற்க வந்தவரே. விற்பனையில்லாமல் பழைய கார் எதுவும் ஒரு தலைமுறையிலிருந்து இன்னொரு தலைமுறைக்குச் செல்லாது. கொழும்பிலும் கண்டியிலும் உள்ள அன்பர்களிடம் எமது ஊர்க் கார்கள் சென்று சீராக ஓடுவதைக் காணும்போது மனம் நோகினும், கூரையற்ற கொட்டிலில் உக்குவதினும் அது நன்றே. காலிக்கு அருகே 1990களில் மொறிஸ் மைனருக்கான தகர உறுப்புக்களைச் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பிய முயற்சியொன்று இருந்தது என்பதையும் நினைத்தல் வேண்டும். அதனைத் தொடக்கியவரும் மைனர்களைச் சீர்செய்து விற்கும் ஒருவரே. விற்பதற்கென வருதலைக் குற்றமென்று எங்ஙனம் கூறுவது?

வாதம் முடியாதிருந்த அந்நாட்களில் வடமராட்சியிலிருந்து வயதான அம்மையார் ஒருவர் ஓட்டோவில் வந்திறங்கினார். கணவர் காலமாகி ஓராண்டு, பிள்ளைகள் கனடாவில், வீட்டில் ஒரு சோமசெற். "எனக்கு உங்கள் சங்கமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், தம்பி. இதை ஒரு நல்ல மனிதரிடம் கொடுத்துவிட வேண்டும், விலையும் வேண்டும், எனக்குக் காசு தேவை" என்றார். விற்க வந்தேன் என்று வாசற்படியிலேயே சொன்னவர் அவர் ஒருவர்தாம். பின்பு கைப்பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்தார். கணவர் நாற்பது ஆண்டாக அக்காருக்குச் செய்த ஒவ்வொரு வேலையையும் அதில் எழுதியிருந்தார்: எண்ணெய் மாற்றிய நாள், உருளை கடைந்த நாள், மண்ணெண்ணெயில் ஓடிய ஆண்டுகள், இரண்டாம் கியர் கிறீச்சிடத் தொடங்கிய மாதம், றேடியேற்றருக்கு ஈயம் வைத்த இடம். கடைசிப் பக்கத்தில் "இன்னும் செய்யவேண்டியவை" என்று பதினொரு குறைகள். அம்மையார் அவற்றை வாசித்துக் காட்டிய பின்னரே விலை சொன்னார். எவரும் குறைத்துக் கேட்கவில்லை. அக்கொப்பியின் பிரதி இப்பொழுது எம் எல்லோரிடமும் உண்டு. மண்ணெண்ணெய் ஓட்டத்தைப் பற்றி எம்மிற் பலர் அறியாத செய்திகள் அதில் இருந்தன. ஒரே நாள் வந்து, விற்று, போனவர் அவர். எனினும் அவர் கொண்டு சென்றதிலும் தந்து சென்றது அதிகம்.

அக்கொப்பியைப் பார்த்தே எமது இன்றைய ஒழுங்கை வகுத்தோம். விற்க விரும்புவோர் அதனை முதல் நாளே சொல்லல் வேண்டும். காரை ஜக்கில் ஏற்றி எல்லோரும் பார்க்க விடல் வேண்டும். தாம் அறிந்த குறைகளைத் தம் கையால் எழுதித் தரல் வேண்டும். நாம் கண்ட குறைகளையும் அதன் கீழே எழுதி, வாங்குவோர் கையிற் கொடுப்போம். "நல்ல கார்" என்னும் சொல்லை நாம் இப்பொழுது சொல்வதில்லை. இவ்வொழுங்கைக் கேட்டதும் காரைத் திருப்பிக்கொண்டு போனோர் நால்வர். இருந்து எழுதியோர் இருவர். அவருள் ஒருவர் குறைகளை எழுதி முடித்தபின் விற்கும் எண்ணத்தையே விட்டுவிட்டார். இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாய்த் திருத்தினால் ஓடும்போல் இருக்கிறதே என்றார். இப்போது அவர் ஞாயிறுதோறும் எமக்கு முன்னே வந்து நிற்கின்றார்.

நீல மைனரை ஆசிரியரின் வீட்டிலிருந்து சென்ற தை மாதம் இழுத்து வந்தோம். அவர் தரத் தயங்கினார்; நாம் சொன்ன சொல்லுக்கு நாம் செய்யவேண்டிய வேலை இது என்று கூறி எடுத்து வந்தோம். முன் கால்கள் இரண்டும் வெட்டிப் புதுத் தகடு வைத்தாயிற்று. கதவின் கீழ்ப் பெட்டியில் ஒரு பக்கம் முடிந்தது, மறுபக்கம் நடக்கின்றது. சென்ற ஞாயிறு ஆசிரியர் மாணவரொருவரையும் அழைத்துக்கொண்டு வந்து, சற்று நேரம் வேலியோரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். வலப்பக்கத்துக்குரிய ட்றனியன் இங்கிலாந்திலிருந்து இன்னும் வந்து சேரவில்லை.